கல்லில் வெட்டும் முன்பு: எங்கள் ஊராட்சிக்கும் இளைஞர் மன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும் வணக்கம்.

அப்பாவுக்கு ஊர் முகப்பில் நினைவுக்கல் வைக்கவும், சனவரி 26 கிராம சபை அன்று அதைத் திறக்கவும் முடிவு செய்திருக்கிறீர்கள். கல்லில் வெட்டப்போகும் வாசகத்தையும், பக்கத்தில் கட்டப்போகும் பேனரின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்கள். அப்பா போன துக்கம் ஆறுவதற்குள் ஊர் இப்படி ஒன்றை நினைத்ததற்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டதால் நான்தான் வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்குடி. யாரைப் பத்தி எழுதியிருக்காங்க?" என்றார்.

அம்மாவின் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாம்தான். ஆனால் கல் ஊருக்குப் பொது. அதில் என்ன இருக்க வேண்டும் என்ற பேச்சும் ஊருக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய வாசகம் "1971 பாகிஸ்தான் போரில் எதிரிகளைச் சுட்டு வீழ்த்தி, வீரப் பதக்கங்கள் பல வென்ற மாவீரர் கேப்டன்" என்று தொடங்கி, "மண்ணின் மைந்தன் புகழ் ஓங்குக" என்று முடிகிறது. இதில் 1971-ம் அப்பாவின் பெயரும் சரி. மற்றவற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

அவர் கேப்டன் இல்லை. 1966-ல் 18 வயதில் சாப்பராக, அதாவது பட்டாளத்தின் பொறியாளர் படை வீரராகச் சேர்ந்தார், 1982-ல் ஹவில்தாராக வெளியே வந்தார். ஹவில்தார் என்பதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. கம்மவான்பேட்டை தொடங்கி நம் வேலூர்ப் பக்கம் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள் வீடுகள். ஊர் முகப்பில் அவரைக் கேப்டன் என்று வெட்டி வைத்தால், அந்த வழியாகப் போகும் முதல் எக்ஸ் சர்வீஸ்மேன் வண்டியை நிறுத்திச் சிரிப்பார்.

அவர் எதிரி யாரையும் சுட்டு வீழ்த்தியதாக எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நாங்கள் சின்ன வயதில் ஆசையாய்க் கேட்டிருக்கிறோம். "நான் சாப்பர். எனக்கு வேற வேலை இருந்தது" என்பார். பேனரில் அவர் கையில் கொடுத்திருக்கிறீர்களே, அந்த ஏகே-47, அதுவும் தப்பு. அந்தக் காலத்தில் நம் பட்டாளத்தின் கையில் இருந்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. ஆதார் கார்டு முகத்தை யாரோ ஒரு சினிமாக்காரரின் உடம்பில் ஒட்டியிருக்கிறீர்கள். அவருக்கு அத்தனை புஜம் எல்லாம் கிடையாது தம்பிகளா.

அப்புறம் பதக்கங்கள். அவை உண்மையில் இருந்தன. கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலே வெள்ளையில் அவருடைய பட்டாள நம்பர் எழுதிய தகர ட்ரங்குப் பெட்டிக்குள், ஒரு பனியன் துணியில் சுற்றி வைத்திருந்தார். பின்னால் சேலம் இரும்பாலைக் குவார்ட்டர்ஸில் அந்தப் பெட்டியின் மேல்தான் எங்கள் டிவி உட்கார்ந்திருந்தது. ஒன்று பஸ்சிமி ஸ்டார், 1971-ல் மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. இன்னொன்று சங்ராம் மெடல். இவை அந்தப் போர்க் காலத்தில் பணியில் இருந்ததற்கான பதக்கங்கள். தனிப்பட்ட வீரத்துக்கான சக்ரா விருதுகள் வேறு. யாராவது "வீரப் பதக்கம்" என்று சொன்னால் அவர் அந்த இடத்திலேயே திருத்துவார். அவர் உயிரோடு இருந்தபோது அனுமதிக்காத ஒன்றை அவர் போன பிறகு கல்லில் வெட்டுவது என்ன நியாயம்?

சரி, அவர் செய்ததுதான் என்ன? அதைச் சொல்லாமல் குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் கோபப்படுவீர்கள், அதிலும் நியாயம் இருக்கும்.

அவர் இருந்தது மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பார்கள். பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் அதன் மையம், 1780-லிருந்து அதற்கு வரலாறு. பட்டாளத்தில் அவர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். பஞ்சாபி அதிகாரியும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாராம். பாலம் போடுவது, ரோடு போடுவது, குடிதண்ணீருக்கு வழி செய்வது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததைத் தேடி எடுப்பது, இதெல்லாம் சாப்பர் வேலை. காலாட்படையும் டாங்கியும் போவதற்கு முன்னால் போகிறவன் சாப்பர், அவர்கள் திரும்பி வந்த பிறகும் அங்கேயே நிற்கிறவன் சாப்பர்.

1971 டிசம்பர் 15 இரவு, மேற்கு முனையில் சகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றுக்கு அப்பால் பாகிஸ்தான் புதைத்திருந்த கண்ணிவெடி வயல் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலம். அதில் டாங்கிகளுக்கு வழி திறந்தது மெட்ராஸ் சாப்பர்களின் 9-வது இன்ஜினியர் ரெஜிமென்ட். வழி முழுதாகத் திறக்கும் முன்பே, முன்னால் போன படைக்கு ஆபத்து என்று தகவல் வந்ததால், '17 பூனா ஹார்ஸ்' என்ற படைப்பிரிவின் டாங்கிகள் துணிந்து உள்ளே புகுந்தன. மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையில்தான் 21 வயது அருண் கேத்தர்பால் உயிர்விட்டுப் பரம் வீர் சக்ரா பெற்றார். கண்ணிவெடி எடுத்த சாப்பர்களின் அதிகாரி மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கும் மறைவுக்குப் பின் மகா வீர் சக்ரா கிடைத்தது. கேத்தர்பாலைத் தெரிந்த அளவுக்குச் சௌத்ரியை யாருக்கும் தெரியாது. சாப்பரின் தலையெழுத்து அப்படி.

ஊரில் சிலர் அப்பா பசந்தரில் இருந்தார் என்று சொல்கிறார்கள். இல்லை. அதே முனையில் வேறொரு பிரிவில் இருந்தார். இதையும் அவரே பலமுறை திருத்தியிருக்கிறார்.

அவர் எங்களிடம் சொன்ன கதைகள் எல்லாம் போர் நின்ற பிறகு நடந்தவை. டிசம்பர் 17 இரவு மேற்கு முனையில் சண்டை நிறுத்தம் வந்தது. மற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள், சாப்பர்களுக்கு அன்றைக்குத்தான் வேலை சூடு பிடித்தது. எதிரி புதைத்தது, நாம் புதைத்தது என்று எல்லாம் வயல்களில் கிடந்தன. முழங்கால் போட்டு, உடம்பை முன்னால் சாய்க்காமல், கம்பியைச் சாய்வாகப் பிடித்து மண்ணைக் குத்திப் பார்ப்பது. நேராகக் குத்தினால் வெடியின் தலையில் இறங்கிவிடும். சாய்வாகக் குத்தினால் பக்கவாட்டில் தட்டும். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு தோண்டும்போது அவர் கை தானாக அந்தச் சாய்வுக்குப் போய்விடும். அம்மா பார்த்துவிட்டு, "அது கிழங்குதாங்க" என்பார்.

பார்த்து முடித்த தடத்தின் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவார்களாம். நாடாவுக்கு உள்ளே இருந்தால் உயிர். மேற்கில் சர்வதேச எல்லையைத் தாண்டிப் பிடித்த நிலமெல்லாம் சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு, 1972 கடைசியில் பாகிஸ்தானிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. "யார் உழுதால் என்ன, உழுகிறவன் கால் போகக் கூடாது இல்ல" என்று ஒருமுறை சொன்னார். எதிரிகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பேச்சைப் பேசிய மனிதருக்கு அது பொருந்துகிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

நம்மிடம் நடுகல்லுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்தில் செங்கம் வட்டாரம் முழுக்கப் பல்லவர் காலத்து நடுகற்கள். அவற்றில் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்மன் காலத்தது. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று அந்த நாயைப் பற்றித் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். "மாவீர நாய்" என்று எழுதவில்லை பாருங்கள். என்ன செய்தது, எத்தனை பேரைக் கடித்தது என்று கணக்காக எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் சுமார் 1,400 வருஷத்துக்கு அப்புறமும் அந்த நாய் நமக்குத் தெரிகிறது. உங்கள் வாசகத்தில் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தப் பட்டாளத்துக்காரரின் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். என் பெரிய மனக்குறை இதுதான்.

இன்னொரு குறையும் உண்டு. அவர் பட்டாளத்தில் இருந்தது 16 வருஷம். சேலம் இரும்பாலையில் இருந்தது 25 வருஷம். உங்கள் கல்லில் இரும்பாலை என்ற சொல்லே இல்லை.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேலத்துக்கு இரும்பாலை வேண்டும் என்று கேட்டுத் தமிழ்நாடே போராடிய காலம் ஒன்று இருந்தது. கஞ்சமலையில் இரும்புக் கல் இருக்கிறது, அதை உருக்கலாம் என்பது கணக்கு. 1970 செப்டம்பர் 16 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆலை ஓட ஆரம்பித்ததோ 1981-ல். அதற்குள் திட்டம் மாறி, கஞ்சமலைக் கல்லை உருக்கும் ஆலைக்குப் பதிலாக, வெளியிலிருந்து வரும் தகட்டுச் சுருளை வாங்கி மெல்லிசாக உருட்டி எவர்சில்வர் தகடாக்கும் ஆலை வந்தது. ஆரம்பத்தில் வருஷத்துக்கு 32,000 டன். "மலையைப் பாத்துக்கிட்டே வெளியூர்த் தகட்டை உருட்டினோம்" என்று அப்பா சிரிப்பார். ஆலைக் குடியிருப்புக்கு மோகன் நகர் என்று பெயர், எஃகுத் துறை அமைச்சராக இருந்து 1973 விமான விபத்தில் இறந்த மோகன் குமாரமங்கலத்தின் பெயர். நானும் தம்பியும் வளர்ந்தது அங்கேதான்.

பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது அப்பாவுக்கு 34 வயது. பென்ஷன் சொற்பம். கையில் குழந்தைகள், ஊரில் வானம் பார்த்த பூமி. மத்திய அரசு நிறுவனங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு சி பிரிவு வேலைகளில் 14.5 சதவீதமும், டி பிரிவில் 24.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. அந்த வழியில் 1983-ல் உள்ளே போனார். அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் நான் இன்றைக்கு உட்கார்ந்து மடல் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், எங்காவது பீடி சுற்றிக்கொண்டிருப்பேன்.

அவர் வேலை பார்த்தது ஏ.பி. லைன் என்கிற இடத்தில். உருட்டி உருட்டி இறுகிப்போன எவர்சில்வர் தகட்டைச் சுமார் 1,050 டிகிரி உலையில் ஓடவிட்டு இளக வைப்பார்கள். உலையில் போனால் தகட்டின் மேல் கறுப்பாக ஏடு படியும். அதை எடுக்க அமிலத் தொட்டிகளில் ஓடவிடுவார்கள். அப்புறம் கழுவி, துலக்கி, உலர்த்தி, மறுபடி சுருட்டுவார்கள். லைன் நிற்கவே கூடாது. நின்றால் உலைக்குள் இருக்கிற துண்டு பாழ். அதனால் ஒரு சுருள் முடிவதற்குள் அதன் வாலில் அடுத்த சுருளின் தலையை வைத்து வெல்டிங் செய்துவிட வேண்டும். அப்பா பல வருஷம் பார்த்தது இந்த இணைப்பு வேலையை. வெல்டிங் சரியில்லை என்றால் தகடு உலைக்குள்ளேயே அறுந்துவிடும். "பின்னாடி வர்றவனுக்கும் முன்னாடி போறவனுக்கும் நடுவுல என் கை இருந்தது" என்று சொல்லுவார். அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அநேகமாக இது ஒன்றுதான்.

அந்த அமிலம் சாதாரண அமிலம் இல்லை. நைட்ரிக்கும் ஹைட்ரோபுளோரிக்கும் கலந்தது. இந்த ஹைட்ரோபுளோரிக் தோலில் பட்டால் சில சமயம் உடனே எரியாது. மணிக்கணக்கில் சும்மா இருக்கும், அதற்குள் உள்ளே இறங்கி எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதற்கு முதல் உதவி கால்சியம் குளுக்கோனேட் களிம்பு. அப்பாவின் சட்டைப் பையில் பேனா இருந்ததோ இல்லையோ, அந்த டியூப் இருக்கும். புதிதாக வரும் பயிற்சிப் பையன்கள் கையுறையைக் கழற்றிவிட்டு வியர்வை துடைத்தால் அவ்வளவுதான், பட்டாளத்துக் குரல் வெளியே வரும். வலிக்காத ஆபத்தை நம்பாதே என்பதை அவர் கண்ணிவெடி வயலில் கற்றுக்கொண்டு வந்து அமிலத் தொட்டி ஓரத்தில் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பையன்களில் ஏழெட்டுப் பேர் இப்போது தலை நரைத்த ஆட்களாகத் துக்கத்துக்கு வந்திருந்தார்கள். நீங்கள் டீ கொடுத்தீர்களே, சேலத்திலிருந்து வேனில் வந்தவர்கள், அவர்கள்தான். அவர்களில் ஒருவர் இடது கையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கை அண்ணன் கொடுத்தது" என்றார். அதற்கு மேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னும் சில சின்ன விஷயங்கள். தகட்டில் கீறல் விழாமல் இருக்கச் சுருளின் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே காகிதம் வைப்பார்கள். கழித்துப்போட்ட அந்தக் காகிதத்தில் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட்டால் வருஷம் முழுக்கக் கிழியாது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்த அட்டையோடு வருவார்கள். எங்களுக்கு மட்டும் கடையில் வாங்கிய பழுப்புக் காகிதம்தான். "அது கம்பெனிப் பொருள்" என்று ஒரே வார்த்தை. அப்போது எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

1993-ல் ஆலையில் நாணய வில்லை அடிக்கும் பிரிவு வந்தது. நாணயச் சாலைகளுக்கு எவர்சில்வர் வில்லை போகும், அங்கே முத்திரை அடிப்பார்கள். அப்போதிலிருந்து பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கொடுத்தால் அப்பா ஒரு ரூபாய்க் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம தகடா இருக்கலாம்" என்பார். 'நம்ம தகடுதான்' என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

பாத்திரக் கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனால் மானம் போகும். கடைக்காரர் காந்தத்தை எடுத்து, "பாருங்க சார், ஒட்டலை, ஒரிஜினல்" என்று காட்டுவார். அப்பா பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள 304 ரகம் காந்தத்தில் ஒட்டாது, சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மட்ட ரகமும் ஒட்டாது. நிக்கலே இல்லாத 430 ரகம் ஒட்டும், அது போலிச் சரக்கும் இல்லை. ஆக உங்கள் காந்தம் எதற்கும் சாட்சி இல்லை என்று முடிப்பார். கடைக்காரர் பேசாமல் பெயர் வெட்டுகிற மிஷினை எடுத்துக்கொண்டு, "என்ன பேர் போடணும் சார்?" என்று கேட்பார். எங்கள் வீட்டுச் சொம்பு, குடம், தூக்குவாளி எல்லாவற்றிலும் பெயரோடு தேதியும் இருக்கும். எழுத்துப் பிழை இல்லாமல் வெட்டுகிறாரா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பார்.

2008-ல் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டார். 2019-ல் சேலம் இரும்பாலையைத் தனியாருக்கு விற்க மத்திய அரசு விருப்ப மனு கேட்டபோது, தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அப்பாவுக்கு அப்போது 71. முழங்கால் வலியோடு பஸ் ஏறிப் போய் ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். "உங்க பென்ஷனுக்கு ஒண்ணும் ஆகாதே, எதுக்குப்பா அலையறீங்க?" என்று கேட்டேன். "தனியார்காரன் வாங்கினா எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டா இருக்குமா? எனக்கு அப்புறம் பட்டாளத்திலிருந்து வர்றவன் எங்கே போவான்?" என்றார்.

இளைஞர் மன்றத் தம்பிகளுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடிகாலையில் ஏரிக்கரையில் நீங்கள் ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். 2022-லிருந்து சிப்பாய் வேலைக்கு அக்னிவீர் வழிதான். நாலு வருஷம். முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரை நிரந்தரமாவார்கள், மற்றவர்கள் ஏறக்குறைய 11.71 லட்ச ரூபாயோடு வீட்டுக்கு வருவார்கள், பென்ஷன் கிடையாது. அப்போது உங்கள் வயது இருபத்து மூன்றோ நாலோ. அப்பா 16 வருஷம் இருந்துவிட்டு வந்தவர், கையில் பென்ஷன் இருந்தது, இன்னொரு வாழ்க்கை தொடங்க ஓர் ஆலை இருந்தது. ஓட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாக ஓடுங்கள். ஆனால் ஊர் முகப்புக் கல் ஒன்று உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், துப்பாக்கிப் படத்தைவிட அந்த இரண்டாவது வாழ்க்கைதான் உங்களுக்கு அதிகம் உதவும். சீருடையைக் கழற்றிய மனிதர் அதற்கப்புறம் 43 வருஷம் என்ன செய்தார் என்று உங்களுக்குப் பின்னால் ஓடப்போகிற பையன்களுக்கும் தெரியட்டும்.

அந்த 43-ல் கடைசிப் பகுதியை நீங்களே நேரில் பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத் தாழ்வாரத்தில் ஒரு மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, மூக்குக் கண்ணாடி, கார்பன் பேப்பர். சுற்று வட்டாரத்திலிருந்து பட்டாளத்துக்காரர்களின் மனைவிமார் மஞ்சப் பையில் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். புருஷனின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் மூன்றாவது பெயர். அந்தக் காலத்துக் கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர் ஐம்பது வருஷம் கழித்துக் குடும்ப ஓய்வூதியத்தை மறிக்கும். அதற்கு விண்ணப்பம், அஃபிடவிட், ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குக் கடிதம், பதில் வராவிட்டால் மறு கடிதம். நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று. அப்புறம் எல்லாம் ஸ்பர்ஷ் என்கிற பட்டாளத்துப் பென்ஷன் இணையதளத்துக்கு மாறியபோது, எழுபது வயதுக்கு மேல் பேத்தியிடம் பாடம் கேட்டுக் கம்ப்யூட்டரும் பழகினார். ஒரு பாட்டிக்கு நிலுவைத் தொகை வந்து சேர்ந்த அன்று அவர் பூசணிக்காய் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அப்பா வாங்கிக்கொண்ட ஒரே கூலி அதுதான். அதையும் அம்மா சமைத்து நூலகருக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினார்.

இப்போது அந்த மேஜை காலியாகக் கிடக்கிறது. போன மாதம் வந்த இரண்டு அம்மாக்களை இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே சான்று எடுத்துத் தருவார்கள். பெயர்ச் சிக்கலை உட்கார்ந்து பிரிப்பதற்கு அங்கே யாருக்கு நேரம்? மன்றத்தில் பி.காம். படித்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். அப்பாவின் கோப்புகள் எல்லாம் வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கின்றன, மாதிரிக் கடிதங்களும் இருக்கின்றன. பேனர் செலவை மிச்சம் பிடித்து ஒரு பழைய பிரின்டர் வாங்கினால் போதும். முறை வைத்து உட்காருங்கள். முதல் சில வாரங்கள் நானும் வந்து கூட இருக்கிறேன்.

கல்லுக்கு வருகிறேன். கீழே உள்ளதை ஒரு வரைவாக எடுத்துக்கொள்ளுங்கள்:

"ஹவில்தார் (பெயர்). 1948 – 2025. இவ்வூரில் பிறந்தவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் 16 ஆண்டுகள் பணியாற்றினார். 1971 போரின்போது மேற்கு முனையில் இருந்தார். போர் முடிந்தபின் வயல்களில் கிடந்த கண்ணிவெடிகளை எடுத்தார். சேலம் இரும்பாலையில் 25 ஆண்டுகள் எவர்சில்வர் தகடு செய்தார். ஊர் திரும்பி 17 ஆண்டுகள் படைவீரர் குடும்பங்களுக்குப் பென்ஷன் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்."

இதில் எந்த வரியையும் நீங்கள் மாற்றலாம், செதுக்கலாம். ஊரின் கல், ஊரின் தமிழில் இருக்கட்டும். செய்ததற்கு மேல் ஒன்றும் சேர்க்க வேண்டாம், செய்ததில் ஒன்றையும் விட வேண்டாம் என்பது மட்டும்தான் எங்கள் குடும்பத்தின் வேண்டுகோள். "மாவீரர்" கட்டாயம் வேண்டும் என்று பெரியவர்கள் யாராவது பிடிவாதம் பிடித்தால் அம்மாவிடம் அனுப்பிவையுங்கள், அவர் பேசிக்கொள்வார்.

திறப்பு நாள் பற்றியும் ஒரு வார்த்தை. சனவரி 26 நல்ல நாள்தான். ஆனால் மே 1-ம் கிராம சபை கூடும் நாள். அன்றைக்குத் திறந்தால் சேலத்திலிருந்து அந்த வேன் ஆட்களும் வர முடியும், தொழிலாளர் தினம் என்பதால் லீவு. கல்லைத் திருத்தி வெட்டவும் அவகாசம் கிடைக்கும்.

கல் வெட்டும் ஆசாரி எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் கொடுத்த வரைவு உங்களுடையதைவிட நீளம். கூடுதலாகும் தொகையைக் குடும்பம் கொடுத்துவிடும், அதை மன்றக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வேலையைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லி ஆசாரியிடம் கேட்டுப் பார்த்தேன். ஊராட்சியிலிருந்து சொன்னால்தான் நிறுத்துவேன் என்கிறார், அதுவும் முறைதான். திங்கட்கிழமை உளியை எடுக்கப் போகிறாராம். தலைவர் அவர்கள் அதற்குள் அவருக்கு ஒரு போன் போட்டுவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஹவில்தார் வீட்டுப் பெண்